பத்தாயத்துச் சாவி யாரிடம்?

தில்லிப் பள்ளி ஒன்றில் முப்பது ஆண்டுகள் உயிரியல் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். பதினோராம் வகுப்பில் நாளமில்லாச் சுரப்பிகளைப் பற்றிய பாடம் வரும். பிட்யூட்டரி, தைராய்டு, கணையம் என்று ஒவ்வொன்றையும் படம் போட்டு விளக்குவேன். பாராதைராய்டு வரும்போது மட்டும் என் வேகம் கூடிவிடும். பாடநூலில் அதற்கு ஒரு சிறு பத்திதான். "இரத்தத்தில் கால்சியத்தின் அளவைக் கூட்டும் ஹார்மோனைச் சுரப்பது. எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த சுரப்பிக்குப் போய்விடுவேன்.

அந்தச் சிறு பத்தியை நான் உண்மையில் படித்தது 2012ஆம் ஆண்டில், என் அக்காவின் இரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு. மாணவர்களுக்கு அத்தனை ஆண்டுகள் சொல்லிக் கொடுத்தது என் வீட்டுக்குள்ளேயே மூன்று ஆண்டுகள் நடமாடியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. உடல்நலம் பற்றி எழுதும்படி நம் இதழாசிரியர் கேட்டபோது, எழுதினால் இதைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான் மருத்துவர் அல்லள். மருந்து சொல்ல வரவில்லை. பாடம் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். வாசக அன்பர்கள் சற்று நேரம் என் வகுப்பில் உட்கார வேண்டுகிறேன்.

அக்காவுக்கு என்ன நேர்ந்தது?

அத்தான் காலமான பிறகு, 2008இல், அக்கா திருநெல்வேலியிலிருந்து எங்களோடு இருக்க தில்லிக்கு வந்தாள். அப்போது அவளுக்கு வயது 58. எங்கள் வீடு மூன்றாம் மாடி. மின்தூக்கி கிடையாது. கீழே இறங்குவதே அரிதாகிவிட்டது.

2009 குளிர்காலத்தில் தொடையிலும் இடுப்பிலும் வலி என்றாள். தில்லிக் குளிர் புதிது, அதனால்தான் என்று நினைத்தோம். "வயசாயிட்டுல்லா, வலிக்கத்தான் செய்யும்" என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். உயிரியல் படித்த தங்கை சும்மா இருப்பேனா? எலும்புக்கு நல்லது என்று மருந்துக்கடையில் கால்சியம் மாத்திரைப் புட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். தீரத் தீர வாங்கிக் கொடுத்தேன்.

2010இல் குளியலறையில் லேசாகச் சறுக்கினாள். கையை ஊன்றியதற்கே மணிக்கட்டு முறிந்தது. எலும்பு மருத்துவர் மாவுக்கட்டுப் போட்டார். 2011இல் சிறுநீரகத்தில் கல். வேறொரு மருத்துவமனையில் எடுத்தார்கள். மலச்சிக்கலுக்கு இசப்கோல். அடிக்கடி தாகம், இரவில் நான்கைந்து முறை எழுந்து போவது. சர்க்கரையாக இருக்குமோ என்று சோதித்தோம், இல்லை. போகப் போக மறதி வந்தது. பேச்சுக் குறைந்தது. அத்தானை நினைத்து உருகுகிறாள் என்று நாங்களே முடிவு கட்டினோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அக்காவுக்கு இந்தி வராது. மருத்துவர் எதைக் கேட்டாலும் வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டி "தர்த்" என்பாள். எலும்பு மருத்துவருக்கு எலும்பு தெரிந்தது. கல்லை எடுத்தவருக்குக் கல் தெரிந்தது. தாகம், சோர்வு, மறதி இவற்றை யாரிடம் எந்த மொழியில் சொல்வது? கூடப் போன நானும் அன்றைய வலிக்கு மட்டுமே மொழிபெயர்ப்பாளியாக இருந்தேன்.

2012இல் மறுபடியும் கல். இம்முறை பார்த்தவர் ஒடிசாவைச் சேர்ந்த இளம் மருத்துவர். "அவசரமில்லை, மூன்று ஆண்டுகளாக நடந்ததை ஒன்று விடாமல் வரிசையாகச் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று எப்போதாவது பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை. பார்த்தோம். டெசி லிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லி கிராம் வரை இருக்க வேண்டியது 12.4 இருந்தது. கூடவே எடுத்த பாராதைராய்டு ஹார்மோன், இருக்க வேண்டிய மேல் எல்லையைப் போல ஏழு மடங்கு. அந்தத் தாளைப் பார்த்தவுடன் எனக்கு என் வகுப்பறைக் கரும்பலகை நினைவுக்கு வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

இனி பாடத்துக்கு வருவோம்.

பத்தாயமும் அடுக்களையும்

வளர்ந்த மனித உடலில் சுமார் ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும். மீதி ஒரு பங்குதான் இரத்தத்திலும் தசைகளிலும் மற்ற செல்களிலும். ஆனால் அன்றாட வேலை முழுவதும் அந்த ஒரு பங்கில்தான் நடக்கிறது. நரம்பு செய்தி அனுப்ப, தசை சுருங்க, இதயம் துடிக்க, காயத்தில் இரத்தம் உறைய, எல்லாவற்றுக்கும் கால்சியம் வேண்டும். குறைந்தால் விரல் நுனியும் உதட்டோரமும் மதமதக்கும், கை இழுத்துக்கொள்ளும், வலிப்புக்கூட வரலாம். கூடினால் சோர்வு, தாகம், மலச்சிக்கல், மறதி, சிறுநீரகக் கல். ஆகவே உடல் அந்த அளவைக் குறுகிய எல்லைக்குள் பிடித்து வைத்திருக்கிறது.

எங்கள் ஊர்ப் பழைய வீட்டில் நெல் பத்தாயம் இருந்தது. எலும்பு அந்தப் பத்தாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரத்தம் அடுக்களை. அடுக்களையில் இன்றைய பாட்டுக்கு அரிசி குறையவும் கூடாது, வழியெல்லாம் சிந்தவும் கூடாது. பத்தாயத்தின் சாவி பாட்டியின் இடுப்பில் இருக்கும். உடம்பில் அந்தப் பாட்டிதான் பாராதைராய்டு.

கழுத்தில் தைராய்டு சுரப்பியின் பின்புறம் ஒட்டிக்கொண்டு, பெரும்பாலோருக்கு நான்கு சுரப்பிகள் உண்டு. ஒவ்வொன்றும் பயறளவு. நான்கையும் சேர்த்து நிறுத்தாலும் கால் கிராம் தேறாது. பெயரில் தைராய்டு இருந்தாலும் தைராய்டின் வேலைக்கும் இதற்கும் தொடர்பில்லை; பக்கத்து வீடு, அவ்வளவுதான்.

இந்தச் சுரப்பியின் செல்களில் கால்சியத்தை உணரும் ஒரு புரதம் இருக்கிறது. 1993இல்தான் அதை அறிவியலார் தனியே இனம் கண்டார்கள். இரத்தத்தில் கால்சியம் இம்மி குறைந்தாலும் அது உணர்ந்துகொள்ளும். உடனே 84 அமினோ அமிலங்கள் கோத்த ஹார்மோன் இரத்தத்தில் கலக்கும். ஹார்மோன் மூன்று இடங்களுக்கு ஆணை கொண்டு போகும்.

முதல் ஆணை எலும்புக்கு: பத்தாயத்தைத் திற. எலும்பில் கட்டும் செல்களும் உண்டு, அரிக்கும் செல்களும் உண்டு. ஹார்மோன் கட்டும் செல்களிடம் பேச, அவை அரிக்கும் செல்களைத் தூண்டி விடுகின்றன. கால்சியம் இரத்தத்துக்கு வருகிறது.

இரண்டாம் ஆணை சிறுநீரகத்துக்கு: சிந்தியதைப் பொறுக்கு. சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 10 கிராம் கால்சியத்தை வடிகட்டுகின்றன. அதில் நூற்றுக்கு 98 பங்கு மறுபடி இரத்தத்துக்கே திரும்புகிறது. வெளியே போகும் அந்தக் கடைசிப் பங்கையும் குறைக்கச் செய்வது இந்த ஹார்மோன். அதே சமயம் பாஸ்பேட்டை வெளியேற்றச் சொல்கிறது.

மூன்றாம் ஆணையும் சிறுநீரகம் வழியாகத்தான்: வயலிலிருந்து புது நெல் கொண்டு வா. நாம் உண்ணும் உணவே வயல். குடல் கால்சியத்தை நன்கு உறிஞ்சிக்கொள்ள வைட்டமின் 'டி' வேண்டும். தோலில் வெயில் பட்டு உண்டாகும் வைட்டமின் 'டி' கல்லீரலில் ஒரு மாற்றமும் சிறுநீரகத்தில் ஒரு மாற்றமும் பெற்ற பிறகே முழு வேலைக்குத் தகுதியாகிறது. அந்த இரண்டாவது மாற்றத்தைத் தூண்டுவது பாராதைராய்டு ஹார்மோன்.

கால்சியம் சரியான அளவை எட்டியதும் சுரப்பி அடங்கிவிடும். வெளிவந்த ஹார்மோனும் சில நிமிடங்களில் அழிந்துவிடும். பாட்டி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள் என்று பொருள். தைராய்டிலிருந்து வரும் கால்சிடோனின் என்ற ஹார்மோன் இதற்கு எதிர்வேலை செய்கிறது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் வளர்ந்தவர்களுக்கு அதன் பங்கு சிறிதுதான்.

காண்டாமிருகத்தில் தொடங்கிய கதை

இந்தச் சுரப்பியை முதலில் கண்டதில் நம் நாட்டு விலங்கு ஒன்றுக்கும் பங்கு உண்டு. இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் இருந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்று 1849இல் இறந்தது. அதை அறுத்து ஆராய்ந்த ரிச்சர்டு ஓவன், தைராய்டோடு ஒட்டிய மஞ்சள் நிறச் சிறு சுரப்பி ஒன்றைக் குறித்து வைத்தார். மனித உடலில் இதைத் தெளிவாக விளக்கி 1880இல் எழுதியவர் ஸ்வீடன் நாட்டு உப்சாலா நகரின் இவார் சாண்ட்ஸ்ட்ராம். அதன் வேலை என்ன என்று அப்போது யாருக்கும் தெரியாது.

தைராய்டை அறுவை செய்து எடுத்தால் சிலருக்குக் கைகால் இழுப்பு வந்ததைக் கண்ட பிறகுதான் சந்தேகம் எழுந்தது. கால்சியம் கொடுத்தால் அந்த இழுப்பு நிற்கிறது என்று மெக்கல்லமும் ஃபோக்ட்லினும் 1909இல் காட்டினார்கள்.

ஹார்மோன் அளவுக்கு மீறினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்றாக நின்றவர் அமெரிக்கக் கப்பல் தலைவர் சார்லஸ் மார்ட்டெல். திடகாத்திரமாக இருந்த அந்த மனிதர், எலும்புகள் மெலிந்து, முறிந்து, கூனி, 7 அங்குல உயரம் குறைந்து போனார். கழுத்தில் பல முறை அறுவை செய்தும் கெட்ட சுரப்பி அகப்படவில்லை. 1932இல் ஏழாவது அறுவையில் மார்புக்கூட்டுக்குள் அதைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் சிறுநீரகங்கள் அதற்குள் கெட்டுவிட்டிருந்தன. சில வாரங்களில் அவர் இறந்தார். தாமதத்தின் விலை என்ன என்பதற்கு அவர் வாழ்க்கையே பாடம்.

சாவி கெட்ட இடத்தில் இருந்தால்

அக்காவுக்கு நேர்ந்தது இதுதான். நான்கில் ஒரு சுரப்பியில் கட்டி. புற்று இல்லை, இந்நோயில் புற்று மிக அரிது. ஆனால் அந்தச் சுரப்பிக்கு 'போதும்' என்ற சொல் காதில் விழவில்லை. அடுக்களையில் அரிசி குவிந்து கிடக்க, அது மேலும் மேலும் பத்தாயத்தைத் திறந்துகொண்டே இருந்தது. பத்தாயம் காலியானதால் மணிக்கட்டு முறிந்தது. சிந்தியது சிறுநீரகத்தில் கல்லாயிற்று. தாகம், மலச்சிக்கல், மறதி, மௌனம் எல்லாம் அந்த உபரியின் வேலை. ஐந்து நோய் என்று நாங்கள் நினைத்தது ஒரே நோய்.

நான் செய்ததோ, நிரம்பி வழியும் அடுக்களையில் இன்னும் ஒரு மூட்டை அரிசியைக் கொண்டுபோய்க் கொட்டிய வேலை.

இந்நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதி. அதிலும் மாதவிலக்கு நின்ற பிறகு. அந்த வயதில்தான் நம் வீட்டுப் பெண்களின் எந்த வலிக்கும் 'வயசு' என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறோம்.

வயல் வறண்டால்

ஹார்மோன் மிகுவதற்கு இன்னொரு வழியும் உண்டு. நம்மைப் போன்ற குடும்பங்களில் இதைத்தான் அதிகம் காணலாம். வைட்டமின் 'டி' குறைந்தால் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. வயலிலிருந்து நெல் வராதபோது பாட்டி என்ன செய்வாள்? பத்தாயத்தைத்தான் திறப்பாள். இங்கே சுரப்பியின் மீது குற்றமில்லை. அது கடமையைச் செய்கிறது. இரத்தத்தில் கால்சியம் சரியாகவே தெரியும். எலும்பு மட்டும் உள்ளுக்குள் மெலிந்துகொண்டிருக்கும். நாட்பட்ட சிறுநீரக நோயிலும் இப்படி நேரும்.

வெயில் நாட்டில் வைட்டமின் 'டி'க்குப் பஞ்சமா என்று கேட்கலாம். தில்லியில் நலமாக நடமாடுபவர்களிடமே இது குறைவாக இருப்பதை எய்ம்ஸ் மருத்துவர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஊரில் முற்றத்தில் வடாம் பிழிந்தவர்கள் இங்கே மாடிக் குடியிருப்பில் அடைந்து கிடக்கிறோம். குளிர்காலத்தில் கழுத்து முதல் கால் வரை கம்பளி. வானத்தில் புகைமூட்டம். பால்கனிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வெயில் காய்ந்தால் சூடு கிடைக்கும், வைட்டமின் 'டி' கிடைக்காது. அதற்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். கறுத்த தோலுக்கு இன்னும் சற்று அதிக நேர வெயில் வேண்டும்.

இரண்டு எண்களைச் சேர்த்துப் படியுங்கள்

கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் ஆகிய இரண்டையும் ஒரே இரத்தத்தில் பார்த்தால்தான் கதை விளங்கும். என் மாணவர்களுக்கு இப்போது பாடம் நடத்தினால் கரும்பலகையில் இப்படி எழுதுவேன்:

1. கால்சியம் அதிகம், ஹார்மோனும் அதிகம்: பெரும்பாலும் சுரப்பியிலேயே கோளாறு.

2. கால்சியம் சரி அல்லது குறைவு, ஹார்மோன் அதிகம்: வைட்டமின் 'டி' குறைவோ சிறுநீரகக் கோளாறோ இருக்கலாம்.

3. கால்சியம் அதிகம், ஹார்மோன் குறைவு: சுரப்பி சரியாக அடங்கியிருக்கிறது, உபரி வேறு வழியில் வருகிறது. வைட்டமின் 'டி' மருந்தை அளவுக்கு மீறிச் சாப்பிடுவதும் ஒரு காரணம். சில புற்றுநோய்களிலும் இப்படி ஆகும்.

4. கால்சியம் குறைவு, ஹார்மோனும் குறைவு: சுரப்பியே சேதமடைந்திருக்கலாம், தைராய்டு அறுவைக்குப் பின் சிலருக்கு இது நேர்வதுண்டு.

மூன்றாவதை ஒட்டி ஓர் எச்சரிக்கை. வைட்டமின் 'டி' 60,000 அலகு உறை பெரும்பாலும் வாரம் ஒரு முறைக்குத்தான் எழுதித் தரப்படுகிறது. அதைத் தினமும் ஒன்று என்று தவறாக எடுத்துக்கொண்டால் ஆபத்து. சீட்டில் உள்ளதை இருமுறை கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

ஒரு வியப்பையும் சொல்லி முடிக்கிறேன். இடைவிடாமல் சுரந்தால் எலும்பைக் கரைக்கும் இதே ஹார்மோன், நாளுக்கு ஒரு முறை சிறு அளவில் ஊசியாகப் போட்டால் எலும்பைக் கட்டுகிறது! அதன் முதல் 34 அமினோ அமிலங்களைக் கொண்டு செய்த டெரிபாரடைடு என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2002இல் அனுமதி கிடைத்தது. எலும்பு மிகவும் மெலிந்தவர்களுக்கு இங்கும் மருத்துவர்கள் அதைத் தருகிறார்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

• எலும்பு வலி, எளிதில் முறிவு, சிறுநீரகக் கல், தீராத சோர்வு, தாகம், மலச்சிக்கல். இவற்றில் இரண்டு மூன்று ஒருவருக்கே இருந்தால், இரத்தத்தில் கால்சியம் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சாதாரணச் சோதனைதான்.

• சோதனை பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் கால்சியம் மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள். மருத்துவர் எழுதித் தந்ததை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

• உணவிலிருந்து வரும் கால்சியத்துக்குப் பயப்பட வேண்டாம். வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லி கிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. 100 மில்லி பசும்பாலில் சுமார் 120 மில்லி கிராம், 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லி கிராம் இருக்கிறது. எள், முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி ஆகியவையும் நல்லவை.

• பெரியவர்களைத் தினமும் கொஞ்ச நேரமாவது மாடிக்கோ பூங்காவுக்கோ அழைத்துப் போங்கள். கையும் காலும் வெயில் படட்டும்.

• இந்தி தெரியாத பெரியவர்களை மருத்துவரிடம் அழைத்துப் போகுமுன், ஒரு தாளில் எல்லாத் தொல்லைகளையும் ஆண்டு வாரியாகத் தமிழில் அவர்களையே சொல்ல வைத்து எழுதிக்கொள்ளுங்கள். அற்பமாகத் தோன்றுவதையும் விடாதீர்கள். மருத்துவருக்கு வழி காட்டுவது அந்த அற்பமாகவே இருக்கலாம்.

அக்கா இப்போது

ஸ்கேன் எடுத்து, கெட்ட சுரப்பி எது என்று கண்டு, 2012 கடைசியில் அறுவை செய்து எடுத்தார்கள். பெரிய புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. மறுநாளே அக்காவுக்கு விரல் மதமதத்தது, உதட்டோரம் ஊர்ந்தது. எனக்குப் பயம். மருத்துவர் சிரித்தார். பல ஆண்டு பறிகொடுத்த எலும்புகள் இப்போது பசியோடு கால்சியத்தை இழுத்துக்கொள்கின்றன, இரத்தத்தில் குறைகிறது என்றார். சில மாதங்களுக்குக் கால்சியம் மாத்திரை எழுதித் தந்தார். ஆம், அதே மாத்திரை. தானாக வாங்கியபோது கெடுதல் செய்தது, கணக்குப் பார்த்துக் கொடுத்தபோது மருந்தாயிற்று.

மூன்று மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலை அடுக்களையில் அக்கா யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். பால்காரன் தண்ணீர் கலக்கிறானாம். போன நான்கு வருடங்களில் அவள் குரலை அவ்வளவு உரக்க நான் கேட்டதில்லை. அத்தானை நினைத்துத்தான் வாய் மூடிக் கிடந்தாள் என்று எவ்வளவு எளிதாக முடிவு கட்டிவிட்டோம்!

"எல்லாத்தையும் படிச்சவ நீ, இது தெரியலியாக்கும்" என்று இன்றும் என்னைக் கேலி செய்வாள். தெரிந்துதான் இருந்தது. பாடநூலில் இருந்ததை வீட்டில் தேட எனக்குத் தோன்றவில்லை. உங்கள் வீட்டில் வலியோடு ஒருவர் மௌனமாக உட்கார்ந்திருந்தால், இன்றைக்கே பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். கையில் ஒரு தாளும் பேனாவும் இருக்கட்டும்.